கோச் கிளம்பிவிடுவார், பையன்கள் மாட்டிக்கொள்வார்கள்

கேள்வி:

வணக்கம் சார். நாங்கள் பிட்ஸ்பர்கில் இருக்கிறோம். என் மகள் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவள். 2011இல் முன்னாள் உதவிக் கோச் சாண்டஸ்கியின் விவகாரம் வெடித்தபோது அங்கே இரண்டாம் ஆண்டு மாணவி. மருமகன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். தாங்க்ஸ்கிவிங் வந்தால் எங்கள் வீட்டில் பிரியாணியோடு சண்டையும் உண்டு. "நாங்கள் செய்யாத தப்புக்கு எங்கள் ஃபுட்பால் டீமை ஒதுக்கி வைத்தார்கள். நீங்கள் தப்பு செய்துவிட்டுக் கோப்பையே வாங்கினீர்கள், அதை யாரும் பிடுங்கவில்லை" என்பாள் மகள். "எங்கள் ஆள் எதிர் டீமின் சைகையைப் பார்த்தான், அதற்கே 20 மில்லியன் டாலருக்கு மேல் அபராதம். உங்கள் ஊரில் குழந்தைகள் வாழ்க்கையே போனது. இரண்டையும் ஒன்றாகப் பேசாதே" என்பார் மருமகன். இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதுபோல் தெரிகிறது. தப்பே செய்யாத மாணவர்களைத் தண்டிப்பது எந்த ஊர் நீதி? தண்டிக்காமல் விட்டால் இவ்வளவு பெரிய பல்கலைக்கழகங்கள் திருந்துமா? இன்னொன்று, இருவருமே வருடாவருடம் தங்கள் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை அனுப்புகிறார்கள். அந்தப் பணம் இந்த அபராதத்துக்குத்தான் போகிறதா?

– ஒரு வாசகி, பிட்ஸ்பர்க்

பதில்:

வணக்கம் அம்மா.

உங்கள் மருமகன் கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரண்டையும் ஒன்றாகப் பேசாதே என்கிறாரே, அது சரிதான். ஒன்று கொடுமை, மற்றது ஆட்டத்தில் செய்த திருட்டுத்தனம் என்பது ஒரு காரணம். இரண்டையும் விசாரிக்க வேண்டிய இடமே வேறு என்பது இன்னொரு காரணம். பல்கலைக்கழக ஒழுங்கு விசாரணைகளில் மாணவர்களுக்காகவும், சில சமயம் ஆசிரியர்களுக்காகவும் வாதாடுவது என் தொழில். உள்ளே போனதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இதை விசாரிக்க உங்களுக்கு எந்த விதியில் அதிகாரம் இருக்கிறது?" என்பதுதான். கேட்டதும் எதிரே இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். வக்கீல் நொட்டை சொல்கிறான் என்று நினைப்பார்கள். ஆனால் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் நடந்த தண்டனைக் குளறுபடிகளில் பாதி, இந்தக் கேள்வியை யாரும் கேட்காததால் வந்தவை.

என்சிஏஏ என்பது அரசாங்க அமைப்பு அல்ல. கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் சங்கம். யார் விளையாடலாம், யாருக்கு என்ன கொடுக்கலாம், எதிர் டீமை எப்படிக் கவனிக்கலாம் என்று விதி போடுவது அதன் வேலை. சாட்சிக்குச் சம்மன் அனுப்பும் அதிகாரம் அதற்குக் கிடையாது. யாரையும் ஜெயிலில் போடவும் முடியாது.

இப்போது பென் ஸ்டேட்டைப் பாருங்கள். ஜெர்ரி சாண்டஸ்கி 1999 வரை அங்கே உதவிக் கோச். வசதியில்லாத சிறுவர்களுக்காக ஒரு தொண்டு நிறுவனமும் நடத்தினார். அதன் வழியாக வந்த சிறுவர்களைத்தான் சீரழித்தார். 1998இலேயே ஒரு தாயின் புகாரில் விசாரணை நடந்து, வழக்கு இல்லாமல் மூடப்பட்டது. 2001இல் டீமின் குளியலறையில் தான் பார்த்ததை ஒரு இளம் உதவியாளர் தலைமைக் கோச் ஜோ பட்டர்னோவிடம் சொன்னார். பட்டர்னோ அதை விளையாட்டுத் துறைத் தலைவர் டிம் கர்லியிடம் கொண்டுபோனார். விஷயம் துணைத்தலைவர் கேரி ஷுல்ட்ஸுக்கும், பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியருக்கும் போனது. போலீசுக்கு மட்டும் போகவில்லை. 2011 நவம்பரில் சாண்டஸ்கி கைதானார். சில நாட்களில் பட்டர்னோ நீக்கப்பட்ட இரவில் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து டிவி வேன் ஒன்றைக் கவிழ்த்தார்கள். உங்கள் மகளுக்கு நினைவிருக்கும். 2012 ஜூனில் 48 குற்றச்சாட்டுகளில் 45இல் சாண்டஸ்கி குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. தண்டனை 30 முதல் 60 ஆண்டு சிறை.

இதுவரை நடந்தது நீதிமன்றத்தின் வேலை, அது சரியாக நடந்தது. அடுத்த மாதமே என்சிஏஏ உள்ளே வந்தது. பல்கலைக்கழகம் தானே அமர்த்திய முன்னாள் எஃப்பிஐ இயக்குநர் லூயிஸ் ஃப்ரீயின் அறிக்கை 2012 ஜூலை 12இல் வெளியானது. என்சிஏஏ சொந்தமாக எதையும் விசாரிக்கவில்லை, வழக்கமான விசாரணைக் குழு முன்பும் விஷயம் போகவில்லை. பதினோரு நாளில், ஜூலை 23 அன்று, தண்டனை அறிவிக்கப்பட்டது. 60 மில்லியன் டாலர் அபராதம். சீசன் முடிந்தபின் நடக்கும் பௌல் ஆட்டங்களுக்கு 4 ஆண்டு தடை. மற்ற டீம்கள் அப்போது 85 பேருக்கு ஸ்காலர்ஷிப் தரலாம் என்றால் இவர்கள் 65 பேருக்கு மட்டுமே தரலாம். 1998 முதல் 2011 வரை பெற்ற 112 வெற்றிகள் பதிவிலிருந்து நீக்கம். அந்த 60 மில்லியனை எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று உங்கள் மகளுக்குச் சந்தேகம் இருந்தால்: அது பென் ஸ்டேட் ஃபுட்பாலின் சராசரி ஒரு வருட மொத்த வருமானம்.

இதில் எது யாரைத் தொட்டது? பட்டர்னோ அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார். சாண்டஸ்கி ஜெயிலில். ஸ்பேனியரும் கர்லியும் ஷுல்ட்ஸும் அதற்குள் பதவியில் இல்லை. தடையை அனுபவித்தவர்கள், 2001இல் ஆரம்பப் பள்ளியில் இருந்த பையன்கள். வேறு கல்லூரிக்கு மாறி உடனே விளையாடலாம் என்று ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள், சிலர் போனார்கள். மைக்கேல் மௌட்டி, மைக்கேல் ஸார்டிச் என்ற இரண்டு கடைசி ஆண்டு மாணவர்கள் சக ஆட்டக்காரர்களோடு நின்று, நாங்கள் போகமாட்டோம் என்று அறிவித்தார்கள். அந்த வருடம் 8 ஆட்டம் ஜெயித்து 4 தோற்றார்கள். 65 பேரை வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தை ஆடுவது என்றால், காயம்பட்டவனுக்குப் பதில் இறக்கத் தேர்ந்த ஆள் இல்லை என்று அர்த்தம். ஆளோடு ஆள் மோதும் விளையாட்டில் அது உடம்போடு சம்பந்தப்பட்ட தண்டனை. ஹாஸ்டல் வார்டன் செய்த குற்றத்துக்கு, அடுத்த நாலு வருடம் சேரும் பிள்ளைகளுக்கு மெஸ்ஸில் சாப்பாட்டைக் குறைத்த கதைதான்.

தெரிந்தும் போலீசுக்குப் போகாத பெரியவர்கள்? கர்லியும் ஷுல்ட்ஸும் குழந்தைகளை ஆபத்தில் விட்ட குற்றத்தை 2017 மார்ச்சில்தான் ஒப்புக்கொண்டார்கள். ஸ்பேனியரை அதே மாதம் ஜூரி குற்றவாளி என்றது. மேல்முறையீடெல்லாம் முடிந்து அவர் சிறைக்குப் போனது 2021இல், அதுவும் இரண்டு மாதத்துக்குள் வெளியே வந்துவிட்டார். ஒன்றும் தெரியாத மாணவனுக்கு ஒன்பது மாதத்துக்குள் தண்டனை, எல்லாம் தெரிந்த நிர்வாகிக்கு ஆறு வருடம், பத்து வருடம். என்னைக் கேட்டால் பென் ஸ்டேட் விவகாரத்தில் அநியாயம் என்பது இந்தக் கால வித்தியாசம்தான். அபராதத் தொகை எனக்குப் பெரிதாக உறுத்தவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த இழப்பீடே 100 மில்லியன் டாலரைத் தாண்டியது, அது கொடுக்க வேண்டிய பணம்.

அந்தத் தண்டனை நிலைக்கவும் இல்லை. 2013இலிருந்து ஸ்காலர்ஷிப்புகளைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2014 செப்டம்பரில், உங்கள் மகள் பட்டம் வாங்கிக் கிளம்பிய சில மாதங்களில், பௌல் தடையும் போனது. இதற்கிடையே 60 மில்லியன் டாலரை பென்சில்வேனியாவுக்குள்தான் செலவழிக்க வேண்டும் என்று மாநில செனட்டர் ஜேக் கார்மன் வழக்குப் போட்டார். பணம் எங்கே போகும் என்று தொடங்கிய வழக்கு, தண்டிக்க என்சிஏஏவுக்கு அதிகாரமே இருந்ததா என்ற இடத்துக்குப் போய்விட்டது. வழக்கில் வெளிவந்த மின்னஞ்சல்களில், பென் ஸ்டேட்டிடம் நாம் காட்டுவது வெறும் மிரட்டல் என்ற பொருளில் என்சிஏஏ அதிகாரிகளே தங்களுக்குள் பேசிக்கொண்டது தெரிந்தது. 2015 ஜனவரியில் சமரசம். 112 வெற்றிகளும் பதிவுக்குத் திரும்பின. பணம் முழுவதும் பென்சில்வேனியாவிலேயே குழந்தைகள் பாதுகாப்புக்குப் போனது. அதிகாரம் இல்லாமல் அவசரத்தில் கொடுக்கும் தண்டனை இப்படித்தான் ஆகும். நியாயமாக நிற்க வேண்டிய பகுதியும் சேர்ந்து கரைந்துவிடும். கடைசியில் பட்டர்னோவின் 409 வெற்றி திரும்பியதைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு, அந்தச் சிறுவர்களைப் பற்றி இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி, தண்டிக்காமல் விட்டால் திருந்துவார்களா என்பது. அதற்கு டெக்சாஸ் போக வேண்டும். கடுமையான தண்டனை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

டாலஸில் உள்ள எஸ்எம்யூ பல்கலைக்கழகம் எண்பதுகளில் நாட்டின் முன்னணி டீம்களில் ஒன்று. பணக்காரப் புரவலர்கள், இங்கே பூஸ்டர்கள் என்பார்கள், ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1985இல் பிடிபட்டுத் தண்டனையும் வந்தது. அப்புறமும் நிறுத்தவில்லை. தண்டனைக் காலத்திலேயே 13 பேருக்கு மொத்தம் சுமார் 61,000 டாலர் போனது. 1987 பிப்ரவரியில் என்சிஏஏ 'டெத் பெனால்டி' கொடுத்தது. அந்த வருட சீசன் முழுவதும் ரத்து. 1988இல் சொந்த மைதானத்தில் ஆட்டம் கிடையாது, அதனால் அந்த வருடமும் ஆடாமலே விட்டுவிட்டார்கள். அதற்கடுத்த இருபது வருடங்களில் தோல்வியைவிட வெற்றி அதிகம் என்று முடிந்தது ஒரே ஒரு சீசன், 1997. மறுபடி ஒரு பௌல் ஆட்டம் ஆடியது 2009இல்.

இதில் பலருக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. காசு கொடுப்பதைத் தொடரலாம் என்று முடிவு செய்தது யார்? எஸ்எம்யூ ஆளுநர் குழுத் தலைவராக இருந்த பில் கிளெமென்ட்ஸ். ஏற்கெனவே வாக்குக் கொடுத்த பையன்கள் படித்து முடிக்கும்வரை கொடுத்து, மெதுவாக நிறுத்திக்கொள்ளலாம் என்று குழுவில் சிலரோடு சேர்ந்து முடிவெடுத்தார். தண்டனை அறிவிப்பு வந்தபோது அவர் டெக்சாஸ் மாநில கவர்னர். மார்ச்சில் வாயால் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டபின்னும் பதவிக்காலம் முழுவதும் கவர்னராகவே இருந்து 1991இல் ஓய்வு பெற்றார். டீம் கலைந்தது. பையன்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு கல்லூரிகளைத் தேடிப் போனார்கள். கவர்னர் மாளிகையில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

அதன்பின் டிவிஷன் ஒன் என்னும் முதல் நிலைக் கல்லூரி ஃபுட்பாலில் எவருக்கும் அந்தத் தண்டனை கொடுக்கப்படவில்லை. ஊரையே காலி செய்யும் தண்டனை என்று பயந்துவிட்டார்கள். பயன்படுத்தவே முடியாத அளவு பெரிய தண்டனை, இல்லாத தண்டனைக்குச் சமம். இதில் இன்னொரு வேடிக்கை. 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025இல் வந்த நீதிமன்றச் சமரசத்துக்குப்பின் ஒரு கல்லூரி முதல் வருடத்திலேயே 20.5 மில்லியன் டாலர்வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. 61,000 டாலருக்காக ஒரு டீமை மூடிய ஊர் இது. எஸ்எம்யூ 2024இல் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கே வந்தது. அந்த டிசம்பரில் முதல் ஆட்டம் யாரோடு என்று உங்கள் மகளைக் கேளுங்கள். பென் ஸ்டேட்டோடு, பென் ஸ்டேட் மைதானத்திலேயே. 38-10 என்று பென் ஸ்டேட் ஜெயித்தது.

நடுவில் வந்த வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஒரே மாதிரிதான் இருக்கும். தெற்குக் கலிஃபோர்னியாவின் யூஎஸ்சியில், ரெஜ்ஜி புஷ் என்ற நட்சத்திர ஆட்டக்காரர் விதியை மீறிப் பணமும் பரிசும் வாங்கிய விவகாரத்துக்கு 2010இல் 2 ஆண்டு பௌல் தடை, 30 ஸ்காலர்ஷிப் வெட்டு. புஷ் அப்போது தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஆடிக்கொண்டிருந்தார், கோச் பீட் கேரல் தீர்ப்புக்குச் சில மாதம் முன்பே சியாட்டிலுக்குப் போய்விட்டார். சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை புஷ் திருப்பிக் கொடுத்திருந்தார், அதை 2024இல் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அந்தப் பையன்கள் ஆடாத பௌல் ஆட்டங்களை யார் திருப்பித் தருவது? தீர்ப்பு கொடுத்த குழுவின் தலைவர் பால் டீ அதற்குமுன் மயாமி பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையை நடத்தியவர். பெரிய ஆட்டக்காரர்கள் இருக்கும் இடத்தில் கண்காணிப்பும் பெரிதாக இருக்க வேண்டும் என்று உபதேசம் செய்தார். அடுத்த வருடமே, அவர் காலத்து மயாமியில் ஒரு பூஸ்டர் வருடக்கணக்கில் ஆட்டக்காரர்களைப் பணத்தால் குளிப்பாட்டியது வெளியே வந்தது! அந்த மயாமி விசாரணையிலும் என்சிஏஏ குறுக்கு வழியில் போனது. பூஸ்டரின் வக்கீலை வைத்து, அவருடைய திவால் வழக்கின் வழியாக, தன்னால் வாங்க முடியாத வாக்குமூலங்களை வாங்கியது. அது அம்பலமாகி அதன் விசாரணைப் பிரிவுத் தலைவியே பதவி இழந்தார்.

ஒஹையோ ஸ்டேட்டில் ஆட்டக்காரர்கள் தங்கள் மோதிரம், ஜெர்சியை விற்று டாட்டூ போட்டுக்கொண்டார்கள். கோச் ஜிம் ட்ரெஸலுக்கு 2010 ஏப்ரலிலேயே தெரியும், மறைத்தார், 2011இல் ராஜினாமா செய்தார். அந்த வருடம் டீம் சுமாராக ஆடியது. அப்போதே நிர்வாகம் தானாக முன்வந்து பௌல் ஆட்டத்தைத் துறந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்க வாய்ப்பு இருந்தது. துறக்கவில்லை. அடுத்த வருடம் தடை வந்தது, அந்த வருடம் பார்த்து 12 ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். ஒரு தோல்விகூட இல்லாத டீம் வீட்டில் உட்கார்ந்தது. ட்ரெஸல் பிற்பாடு ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானார். 2025இல் ஒஹையோ மாநிலத் துணை கவர்னரும் ஆனார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பேலர் பல்கலைக்கழகத்தில் ஆட்டக்காரர்கள்மேல் வந்த பாலியல் வன்முறைப் புகார்களை நிர்வாகம் கையாண்ட விதம் படுமோசம். கோச் ஆர்ட் ப்ரைல்ஸ் 2016இல் போனார். ஆனால் 2021இல் என்சிஏஏ குழு, இது பெரிய தார்மிகத் தவறுதான், எங்கள் விதிப்புத்தகத்தில் இதற்கு இடம் இல்லை என்று சொல்லி, வேறு சில்லறை விதிமீறல்களுக்கு 5,000 டாலர் அபராதமும் கண்காணிப்பும் போட்டு முடித்தது. படித்தால் வயிறு எரியும். இருந்தாலும் ஒரு வக்கீலாகச் சொல்கிறேன், பென் ஸ்டேட்டில் காட்டாத அடக்கத்தை இங்கே காட்டினார்கள். கோபம் போக வேண்டிய இடம் காவல்துறையும் நீதிமன்றமும் மத்திய கல்வித் துறையும். கல்வித் துறைக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. வளாகக் குற்றங்களைச் சரியாக வெளியிடாததற்காக பென் ஸ்டேட்டுக்கு அது 2016இல் சுமார் 2.4 மில்லியன் டாலர் அபராதம் போட்டது. அதைப் பற்றி யார் வீட்டிலும் சண்டை நடப்பதில்லை.

இப்போது மருமகனின் மிச்சிகன். எதிர் டீமின் சைகையை ஆட்டத்தின்போது பார்த்துப் புரிந்துகொள்வது தப்பே இல்லை, எல்லோரும் செய்வது. அடுத்து மோதப்போகும் டீமின் ஆட்டத்துக்கு ஆள் அனுப்பிப் பார்ப்பதுதான் 1994இலிருந்து தடை. கானர் ஸ்டாலியன்ஸ் என்ற சின்னப் பதவி ஊழியர், பலருக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்து அதைத்தான் செய்தார். 2023 அக்டோபரில் வெளியே வந்தது. நவம்பர் 10, வெள்ளிக்கிழமை, டீம் விமானம் ஏறி பென் ஸ்டேட்டுக்கு ஆடப் போகும்போது, கோச் ஜிம் ஹார்பாவுக்கு மூன்று ஆட்டத் தடை என்று, இரு டீம்களும் ஆடும் லீக்கான பிக் டென் அறிவித்தது. அன்று அரசு விடுமுறை, கோர்ட்டில் அவசர உத்தரவு வாங்கவும் வழியில்லை. அந்தத் தேதித் தேர்வு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தண்டனையின் திசை எனக்குப் பிடித்தது. பையன்கள் ஆடட்டும், பொறுப்பானவர் வெளியே நிற்கட்டும் என்றார்கள். கோச் இல்லாமலே மறுநாள் ஜெயித்தார்கள், ஜனவரியில் தேசிய சாம்பியனும் ஆனார்கள். ஹார்பா என்எஃப்எல்லுக்குக் கிளம்பிவிட்டார்.

2025 ஆகஸ்டில் என்சிஏஏ முடிவு வந்தது. பௌல் தடை கொடுக்கத் தகுந்த வழக்குதான் இது, ஆனால் அது இப்போது ஆடும் மாணவர்களை அநியாயமாகத் தண்டிக்கும், அதனால் அந்த இழப்பைப் பணமாக வாங்கிக்கொள்கிறோம் என்று குழு எழுதியது. 2022இல் மாறிய என்சிஏஏ சாசனமே, சம்பந்தமில்லாத மாணவர்களைத் தண்டிப்பதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறது. 2023இல் டென்னசி பல்கலைக்கழகத்துக்கு 8 மில்லியன் டாலர் அபராதம் போட்டுப் பௌல் தடையைத் தவிர்த்ததும் இதே வழியில்தான். மிச்சிகன் கணக்கு 20 மில்லியனைத் தாண்டுவது அப்படித்தான். ஹார்பாவுக்கு 10 ஆண்டு 'ஷோ காஸ்' உத்தரவு. அதாவது அந்தக் காலத்தில் எந்தக் கல்லூரி அவரை வேலைக்கு எடுத்தாலும், ஏன் எடுத்தோம் என்று என்சிஏஏ முன் காரணம் காட்ட வேண்டும்.

கோப்பையை ஏன் பிடுங்கவில்லை என்கிறாள் மகள். இரண்டு காரணம். இந்தத் தேசிய சாம்பியன் பட்டத்தைக் கொடுப்பது என்சிஏஏ அல்ல, பிளேஆஃப் நடத்துவது தனி அமைப்பு. மற்றது, வெற்றிகளை நீக்குவது பொதுவாகத் தகுதியில்லாத ஆட்டக்காரர் ஆடிய ஆட்டங்களுக்கு. மிச்சிகனில் ஆடியவர்கள் எல்லோரும் தகுதியுள்ளவர்கள். என் சொந்த அபிப்பிராயம், பழைய வெற்றிகளை அழிப்பது சிறுபிள்ளை விளையாட்டு. ஆட்டத்தைப் பார்த்த ஒரு லட்சம் பேர் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லமுடியாது, தோற்ற டீமுக்கும் வெற்றி போவதில்லை.

புது வழி முழுக்கச் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். மிச்சிகன் விளையாட்டுத் துறையின் வருட வருமானம் 200 மில்லியன் டாலருக்கு மேல். அபராதம் மட்டும்தான் தண்டனை என்றால், பணக்காரக் கல்லூரிக்கு அது ஒரு செலவுக் கணக்கு. கோப்பைக்கு இவ்வளவு விலை என்றால் கட்டிவிடலாம் என்று நினைக்கும் நிர்வாகக் குழுக்கள் இருக்கின்றன. ஷோ காஸ் உத்தரவும் என்எஃப்எல் வாசலோடு நின்றுவிடுகிறது. ஒழுங்கு விசாரணைகளில் இத்தனை வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பலமான கருவி கோச்சின் சம்பள ஒப்பந்தம்தான். தெரிந்தும் மறைத்தால் போனஸைத் திருப்பித் தர வேண்டும், நீக்கினால் நஷ்டஈடு கிடையாது, வேறு வேலைக்குப் போனாலும் விசாரணைக்கு வர வேண்டும் என்று முதல் நாளே கையெழுத்து வாங்கலாம். டென்னசி தன் கோச் ஜெரமி ப்ரூயிட்டை 2021இல் விதிமீறலைக் காரணம் காட்டி நீக்கியபோது, ஒப்பந்தப்படி வர வேண்டிய பல மில்லியன் டாலர் அவருக்கு வரவில்லை. பக்கத்து மாநிலக் கோச்சுகள் அதைத்தான் கூர்ந்து படித்திருப்பார்கள். அதே போன்ற ஷரத்து விளையாட்டுத் துறைத் தலைவருக்கும் பல்கலைக்கழகத் தலைவருக்கும் வேண்டும். கோச்சுக்கே அரிதாகத்தான் எழுதுகிறார்கள்.

கடைசியாக நன்கொடை. பென் ஸ்டேட் அந்த 60 மில்லியனை நன்கொடையிலிருந்தோ மாணவர் கட்டணத்திலிருந்தோ கட்டமாட்டோம், விளையாட்டுத் துறை நிதியிலிருந்து கட்டுகிறோம் என்று அறிவித்தது. அபராதத்துக்காக மற்ற விளையாட்டு டீம்களை மூடக் கூடாது என்று உத்தரவிலும் இருந்தது. மிச்சிகன் அபராதமும் விளையாட்டுத் துறையின் தலையில்தான். பொதுவாக, எதற்கு என்று சொல்லாமல் அனுப்பும் பணம் நிர்வாகம் நினைத்த இடத்துக்குப் போகும். 'விளையாட்டுத் துறைக்கு' என்று அனுப்பினால் அங்கே போகும். ஒரு துறையின் நூலகத்துக்கு, ஏழை மாணவர் உதவித்தொகைக்கு என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு மட்டும்தான் செலவழிக்க முடியும். அதனால் நன்கொடைப் படிவத்தில் நோக்கத்தை எழுதச் சொல்லுங்கள், ரசீதிலும் அதே வாசகம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அதோடு, இருவருக்கும் வேறொரு வேலையும் இருக்கிறது. பென் ஸ்டேட்டின் அறங்காவலர் குழுவில் 9 பேரைப் பழைய மாணவர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஒவ்வொரு வருடமும் மூன்று இடங்களுக்குத் தேர்தல். உங்கள் மகள் ஓட்டுப்போட்டிருக்கிறாளா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எட்டு ரீஜென்டுகளை மாநில வாக்காளர்கள் பொதுத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். மருமகன் பிட்ஸ்பர்கில் இருக்கிறார் என்றால் அவருக்கு ஓட்டு இல்லை. ஆனால் அங்கே இன்னும் வசிக்கும் நண்பர்கள் இருப்பார்கள். கோச்சின் ஒப்பந்தத்துக்கும் தலைவரின் ஒப்பந்தத்துக்கும் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் இந்த ரீஜென்டுகளும் அறங்காவலர்களும்தான். நான் சொன்ன ஷரத்தை எழுதச் சொல்லி அவர்களிடம் கேட்கலாம். அடுத்த தாங்க்ஸ்கிவிங்கில் சண்டைக்கு ஏதாவது மிச்சம் இருந்தால் மறுபடி எழுதுங்கள்.